கொசு விரட்டி வாங்கும்போது செய்யும் தவறுகள்

வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பும் அவசரத்தில் மெடிக்கலில் "கொசு கிரீம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு, கையில் வந்ததைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். முன்பக்கம் இலைப் படம், "இயற்கையானது" என்ற வார்த்தை, நல்ல வாசனை, அவ்வளவுதான் பார்ப்பது. தயவுசெய்து பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பது அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். டீட், பிகாரிடின், ஐஆர்3535 என்று ஏதாவது ஒன்று இருந்தால் நம்பி வாங்கலாம்.

சதவீதம் கூடக் கூடக் கொசு பயந்து ஓடும் என்று நினைக்காதீர்கள், அது சொல்வது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத்தான். 10 சதவீத டீட் சுமார் 2 மணி நேரம், 24 சதவீதம் என்றால் 5 மணி நேரம் போல, 50ஐத் தாண்டினால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. வியர்வையில் இதுவும் குறையும் என்பதால் நம்ம ஊர் வெயிலில் மலையேறும்போது சீக்கிரமே மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் சட்டையில் ஒட்டும் பேட்ச், கையில் மாட்டும் பேண்ட் இரண்டையும் நம்பி அவர்களை வெளியே அனுப்புவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களின் கையைக் கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் விடச் சொல்லிச் சோதித்தார்கள். கைப்பட்டைகள் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை, சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல் எண்ணெய் வகைகள் 20 நிமிடத்துக்குள் தோற்றுவிட்டன, 23.8 சதவீத டீட் 5 மணி நேரம் நின்றது. விரட்டி தடவிய இடத்தைத்தான் காக்கும், கணுக்காலின் பின்புறம் விரல் அகலம் விட்டுப்போனாலும் கொசு சரியாக அங்கே வந்து உட்காரும். அப்படியிருக்க, மணிக்கட்டில் மாட்டிய பட்டை முழங்காலை எப்படிக் காப்பாற்றும்?

ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தைத் தடவிக்கொள்கிறவர்களும் உண்டு. வெளிநாடுகளில் விரட்டியாகப் பரிந்துரைக்கப்படுவது எலுமிச்சை வாசனையுள்ள வேறொரு யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுத்து, பிஎம்டி என்ற பொருள் செறிவாக இருக்கும்படி பக்குவப்படுத்தியது. நம் தைலம் அதற்கு ஈடாகாது. அந்த வகையையும் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குப் போடக் கூடாது.

சாயங்காலம் தடவினால் போதும் என்பதும் தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். வாக்கிங் போகும் நேரமும் அதுதான்!

சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் முதலில் அது, காய்ந்த பிறகு விரட்டி. இரண்டும் கலந்த கிரீம் வேண்டாம், ஏனென்றால் சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், விரட்டியை அத்தனை தடவை போடத் தேவையில்லை.

அப்புறம், டீட் பிளாஸ்டிக்கை இளக்கும். தடவிய கையோடு மூக்குக்கண்ணாடியையோ வாட்சையோ தொட்டால் பிசுபிசுத்துப் பாழாகும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 20 சதவீத பிகாரிடின் நல்ல தேர்வு.

முகத்தில் நேரடியாக ஸ்பிரே அடிக்காமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். குழந்தைகளுக்கு நீங்களே போட்டுவிடுங்கள், அவர்களுடைய உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவாதீர்கள், அது நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், கொசுவலைதான்.

மலைக்காட்டில் கொசுவை மட்டும் நினைத்தால் போதாது. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் சின்னஞ்சிறு பூச்சிகள் புதரிலிருந்து கால்வழியாக ஏறுகின்றன, அதனால் பேன்ட்டின் கீழ்மடிப்பு, சாக்ஸ் மேலும் விரட்டி வேண்டும். துணிக்கென்று விற்கும் பெர்மெத்ரின் ஸ்பிரே இதற்கு நல்லது, அதைத் தோலில் அடிக்காதீர்கள். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.