இந்தியாவில் தத்தெடுத்த குழந்தையை அமெரிக்காவுக்கு அழைத்து வருவது எப்படி?

காராவில் (இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிவு செய்து, காத்திருந்து, குழந்தையின் விவரம் வந்து, சம்மதமும் சொல்லிவிட்டீர்கள். அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டிக்கெட் எப்போது போடலாம்? கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பயணத்துக்கு நாள் குறிப்பது காகிதங்கள்தான். கீழே உள்ளது அமெரிக்கக் குடியுரிமையும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ள தம்பதிகளுக்கானது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வழி வேறு.

படி 1: வரிசையை மாற்றாதீர்கள்

இரண்டு நாடுகளும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. அதனால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. குழந்தையை ஏற்றுக்கொண்டதும் அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் ஐ-800 மனு, அதற்குத் தற்காலிக ஒப்புதல், பிறகு டிஎஸ்-260 விசா விண்ணப்பம். அதன்பின் டெல்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகம் காராவுக்கு, தத்தெடுப்பைத் தொடரலாம் என்று சொல்லும் 'ஆர்ட்டிகிள் 5' கடிதம் தரும். காரா தடையின்மைச் சான்று (என்ஓசி) தரும். இதற்கெல்லாம் முன்பே "ஊரில் தெரிந்த வக்கீல் இருக்கிறார், தத்து ஆணையை வாங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குழந்தைக்கு விசாவே கிடைக்காமல் போகலாம்.

தடையின்மைச் சான்று வந்ததும் தத்து மையம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கும். முன்பு இது கோர்ட் வேலை. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வேலை. இரண்டு மாதத்துக்குள் ஆணை தர வேண்டும் என்பது சட்டம். தேர்தல் நேரமாக இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 2: இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். இந்தியக் காகிதத்தில் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும். தத்து ஆணை, பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் பாஸ்போர்ட் மூன்றிலும் உங்கள் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். குழந்தைக்கு வைக்கப்போகும் பெயரையும் அதே எழுத்துக்கூட்டலில் தட்டச்சு செய்து மையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஆணையில் கையெழுத்தான பிறகு திருத்துவது பெரும்பாடு.

படி 3: இப்போது டிக்கெட்

தடையின்மைச் சான்று வந்த பிறகு, ஆணைக்கு முன்பே குழந்தையை உங்கள் பராமரிப்பில் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் ஒருவராவது முன்னதாகப் போய்விடுவது நல்லது என்பேன். போகும் டிக்கெட்டை உறுதியாகப் போடுங்கள். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

படி 4: மையத்தில்

"நாமும் இந்தியர்தானே, என்ன கஷ்டம்?" என்று நினைத்துப் போவோம். குழந்தை ஒடிசாவிலோ மகாராஷ்டிராவிலோ இருந்தால் அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், பயப்படாதே: இவற்றைக் குழந்தையின் மொழியில் அங்குள்ள ஆயாவிடம் கேட்டுப் பழகுங்கள். ஃபோனில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும், எதற்கு அழும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். கோப்பில் இருக்காது.

குழந்தை உங்களைப் பார்த்ததும் ஓடிவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தெரிந்த முகங்களையெல்லாம் விட்டுவிட்டு வருகிறது; அழட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். முதல் சில நாட்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள். மாமா, சித்தி, பாட்டி எல்லோரும் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். அன்பாகத் தடுத்துவிடுங்கள். குலதெய்வக் கோயில் மொட்டையும் காதுகுத்தும் பிறகு பார்க்கலாம்.

படி 5: டெல்லி

ஆணை வந்ததும் தத்தெடுப்பு ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று காரா அதன் ஆர்ட்டிகிள் 23-இன் கீழ் இணக்கச் சான்று தரும். பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் உண்டு. அதில் சந்தேகம் வந்தால் நாட்கள் கூடும். கடைசியில் ஐஹெச்-3 விசா, அதாவது ஹேக் முறையில் இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்கான குடியேற்ற விசா.

படி 6: விமானம், அதற்குப் பிறகு

அசல் காகிதங்கள் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். தூதரகம் ஒட்டிய உறை கொடுத்தால் பிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இறங்கும் முதல் விமான நிலையத்தில்தான் குடிவரவுச் சோதனை நடக்கும். அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் தாராளமாக நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

ஐஹெச்-3 விசாவில் வந்து உங்களோடு வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை நுழையும்போதே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடும்; குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வரும். அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் அமெரிக்கத் தத்து ஏஜென்சி குழந்தை எப்படி இருக்கிறது என்று காராவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அடுத்த முறை தாத்தா பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போகும் முன், குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு அதற்கும் ஓசிஐ அட்டையோ விசாவோ வாங்க வேண்டும்.