கதீட்டர் போட்ட நோயாளிக்குக் காய்ச்சல்: ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

யூரின் டியூப், டயாலிசிஸ் கதீட்டர், கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் என எதுவாக இருந்தாலும், டியூபோடு இருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் ரத்தம் எடுப்பார்கள். மாலைக்குள் நாலைந்து எண்களோடு ரிப்போர்ட் வந்துவிடும். இரண்டில் சிவப்பு அம்புக்குறி இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொள்ளும். அந்த எண்களை எந்த வரிசையில், எவ்வளவு நம்பிப் பார்க்கலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும், வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கும் உதவும்.

முதலில் சிறுநீர் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யூரின் டியூப் போட்ட ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்துகொண்டே போகிறது, ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். டியூபின் உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் கட்டி அதற்குள் கிருமிகள் குடியிருக்கும். குடியிருப்பது வேறு, உடம்பைத் தாக்குவது வேறு. சீழ் அணுக்களும் அப்படித்தான், டியூப் உறுத்துவதாலேயே வரும். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றமடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பி, அதில் வந்த கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண் வேலை. வீண் மட்டுமல்ல, அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாமல் போகவும் அதுவே வழி செய்கிறது.

கிருமி இருக்கிறதா என்பதை விட உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறதா என்பதுதான் இங்கே கேள்வி, அதற்குத்தான் ரத்தத்தில் பயோமார்க்கர், அதாவது உடம்பின் நிலையைக் காட்டும் பொருட்களின் அளவு, பார்ப்பது. ஆனால் அதற்கும் முன்னால் ஆளைப் பாருங்கள். குளிர் நடுக்கம், புதிதாக வந்த குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, ரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் வெறும் குழப்பம் மட்டும் வரலாம். இன்னொன்று, லைனில் மருந்தோ சலைனோ செலுத்திய கொஞ்ச நேரத்தில், அல்லது டயாலிசிஸ் ஆரம்பித்ததும் நடுக்கம் வந்தால், அந்த நேரத்தைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், எந்தப் பயோமார்க்கரையும் விடப் பெரிய துப்பு அது.

சரி, இனி எண்கள். வெள்ளையணுக்கள் பொதுவாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். கூடினால் தொற்றாக இருக்கலாம், ஸ்டீராய்டு மாத்திரையாகவும் இருக்கலாம். 4,000-க்குக் கீழே இறங்கினாலும் நிம்மதி கிடையாது, கடுமையான தொற்றில் அப்படியும் நடக்கும். கீமோதெரபி எடுப்பவர்களிடம் இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். தொற்று தொடங்கி 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், உச்சம் தொடுவது கிட்டத்தட்ட இரண்டு நாள் கழித்து. ஆபரேஷன், அடிபட்டது, மூட்டுவாதம் என எதற்கும் ஏறும் என்பதால் ஏதோ நடக்கிறது என்று சொல்லுமே தவிர எது என்று சொல்லாது. கல்லீரல் மோசமாகப் பழுதானவர்களுக்குத் தொற்று இருந்தும் குறைவாகவே காட்டலாம். ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் படியுங்கள், சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் போடும், இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். நேற்று 80, இன்று 9 என்று சந்தோஷப்பட்டுவிட்டு, பிறகு பார்த்தால் லேப் மாறியிருக்கும், உண்மையில் அது 90.

எல்லோரும் பெரிதாக நம்புவது புரோகால்சிடோனினை, அதுவும் ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம்தான். பாக்டீரியா தொற்றில் 3, 4 மணி நேரத்திலேயே ஏற ஆரம்பித்து ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய்விடும், தொற்று அடங்கினால் நாளுக்குச் சுமார் பாதியாக இறங்கும். ஒரு மில்லிலிட்டரில் 0.1 நானோகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு, 0.5-க்கு மேல் சந்தேகம், 2-க்கு மேல் போனால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) வாய்ப்பு கூடுதல். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஓட்டைகள் நிறைய. பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், பெரிய விபத்து, பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தை, இவற்றில் எல்லாம் தொற்று இல்லாமலே ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் மேலேதான் நிற்கும், ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்பவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எடுத்த அளவு ஒன்று கையில் இருந்தால் பிற்பாடு ஒப்பிட மிகவும் உதவும். மறுபுறம், லைன் தோலுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் சீழ் என்றால் இது இயல்பாகவே இருக்கலாம். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் லைன் வழியாக ரத்தத்தில் கலக்கும்போதும், கேண்டிடா என்ற பூஞ்சை கலக்கும்போதும் பெரிதாக ஏறாமல் ஏமாற்றும். அதனால்தான் 2021-இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல், ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா என்று முடிவு செய்ய இதை நம்ப வேண்டாம் என்கிறது. எப்போது நிறுத்தலாம் என்று யோசிக்கும்போது துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் நிலை.

லாக்டேட் தொற்றைக் காட்டும் எண் அல்ல. திசுக்களுக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பதற்கான அடையாளம் அது. லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சொன்னாலும், ரத்தக் கல்ச்சருக்கு ஈடாக இவற்றில் எதுவும் நிற்காது. சென்ட்ரல் லைன் இருந்தால் ஒரே நேரத்தில், ஒரே அளவில், லைனிலிருந்து ஒன்றும் கையில் குத்தி ஒன்றுமாக எடுக்க வேண்டும். லைனில் எடுத்த பாட்டில் கையில் எடுத்ததை விட 2 மணி நேரமாவது முன்னதாகக் கிருமி காட்டினால் குற்றவாளி லைன்தான். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும், ஊசியில் வந்த 3 மி.லி.-யைப் போட்டு அனுப்பிவிட்டு கிருமி இல்லை என்று எழுதுவதில் அர்த்தமில்லை. முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போகும் முன் எடுக்க வேண்டும், ஆனால் நோயாளி ஷாக்கில் (ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிய நிலையில்) இருந்தால் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. யூரின் டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் பழையது என்றால் புது டியூப் போட்டு அதிலிருந்து சிறுநீர் எடுங்கள், பையிலிருந்து எடுக்கவே கூடாது. கழற்றிய யூரின் டியூபின் நுனியை லேபுக்கு அனுப்பும் பழக்கமும் வேண்டாம்.

காய்ச்சல் வந்த முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்த புரோகால்சிடோனின் இயல்பாக இருந்தால், இன்னும் ஏறவில்லை என்றுகூட இருக்கலாம். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் தினமும் அதே லேபில், அதே அலகில் எடுத்து ஒரு தாளில் தேதியோடு எழுதி வாருங்கள். உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ, ஆளும் தேறியிருந்தால் மருந்தை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் வளர்ந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, எண் எவ்வளவு இறங்கினாலும் கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து குறைந்தது 14 நாள் மருந்து உண்டு. மூன்று நாள் மருந்துக்குப் பிறகும் எண்கள் அசையவில்லையா? மருந்தை மாற்றச் சொல்லும் முன், பழைய கதீட்டர் இன்னும் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் இதய வால்விலோ, லைன் இருந்த ரத்தக்குழாயில் உறைந்த கட்டியிலோ, முதுகெலும்பிலோ கிருமி போய் உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து தேட வேண்டியிருக்கும்.