பித்தப்பை அறுவையில் கேமராவை ரோபோ கையிடம் ஒப்படைக்கும் முறை

வயிற்றில் இடும் சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும்போது, கேமராவைப் பிடித்திருக்கும் உதவியாளரின் கை சோர்ந்தால் திரையில் படமும் ஆடத் தொடங்கும். அந்தப் பணியை ஏற்கும் ரோபோ கை தானாக எதையும் முடிவு செய்வதில்லை. 1990களில் வந்த ஏசாப் என்ற ரோபோ கை பின்னாளில் மருத்துவரின் குரலுக்கும், எண்டோஅசிஸ்ட் என்ற மற்றொன்று அவருடைய தலையசைவுக்கும் இயங்கின.

மருத்துவரின் முழங்கையோ கருவிகளோ இடிக்காத இடத்தில் ரோபோ கையைப் பொருத்திக் கிருமிநீக்கம் செய்த உறையை மாட்ட வேண்டும். மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, இடப்பக்கம் சாய்த்து, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை வழக்கமான 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு நிரப்பிய பின்னரே கேமராவைக் கையில் இணைப்பது நல்லது. ஏனெனில் வயிற்றுச் சுவர் உயர்ந்தபின் தொப்புள் போர்ட் (கேமரா உள்ளே நுழையும் குழாய்) நிற்கும் இடமே கேமராவின் சுழல் மையமாக அமைய வேண்டும். கையை மெல்ல நான்கு திசைகளிலும் நகர்த்தி, போர்ட்டைச் சுற்றியுள்ள தோலை உற்றுப் பாருங்கள். தோல் ஒரு பக்கமாக இழுபட்டு மடிந்தால் மையம் தவறியிருக்கிறது என்று பொருள், உடனே திருத்துங்கள்.

மிகுந்த கவனம் வேண்டிய கட்டம், பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட காலோ முக்கோணத்தைப் பிரித்தெடுப்பது. ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1995இல் வரையறுத்த பாதுகாப்புக் காட்சியின்படி, அங்குள்ள கொழுப்பும் நார்த்திசுவும் நீங்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்து, பித்தப்பைக்குள் அதன் பித்தக் குழாய், தமனி ஆகிய இரண்டே குழாய்கள் நுழைவது தெரியும்வரை எதற்கும் கிளிப் போடக் கூடாது. இதை முன்புறமிருந்தும் பின்புறமிருந்தும் பார்க்க 30 பாகை லென்ஸின் சாய்வைத் திருப்ப வேண்டும். பல ரோபோ கைகள் கேமராவை மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னுமே நகர்த்துவதால், லென்ஸோடு சேர்ந்து திரும்பும் ஒளிக்கம்பியை மருத்துவரே கையால் திருப்ப நேரிடும்.

ஆடாத படத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. நெருக்கமான காட்சியிலேயே மனம் ஊன்றிவிடும்போது, புதிய கருவி உள்ளே வருவது திரைக்கு வெளியே நிகழ்கிறது. அனுபவமுள்ள உதவியாளர் சொல்லாமலே கேமராவைப் பின்னிழுத்துக் கருவியை முனை வரை காட்டுவார். ரோபோ கைக்கு அந்த முன்னுணர்வு இல்லை. ஆகவே ஒவ்வொரு கருவி மாற்றத்தின்போதும் "பின்னே" என்ற கட்டளையைத் தவறாமல் கொடுப்பதைக் குழுவின் விதியாகவே வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவேன்.

லென்ஸில் ஆவி படிந்தால் கேமராவை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்து மீண்டும் மாட்ட வேண்டும். ரத்தம் பீறிட்டால் கட்டளைகளுக்குக் காத்திராமல் கேமராவை ரோபோ கையிலிருந்து விடுவித்து உதவியாளரிடம் தருவதே சரி. விடுவிக்கும் பிடி எங்கே இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே அனைவரும் ஒருமுறை தொட்டுப் பழகியிருக்க வேண்டும்.

பித்தப்பையைத் தொப்புள் வழியாக வெளியே எடுப்பதானால் கேமரா மேல்வயிற்றுப் போர்ட்டுக்கு மாற வேண்டியிருக்கும். அச்சிறு நேரத்துக்காகச் சுழல் மையத்தை மீண்டும் அமைப்பதைவிட, ரோபோ கையை ஒதுக்கிவிட்டு, உதவியாளரே கேமராவைப் பிடித்து, மற்றப் போர்ட்டுகள் வெளிவரும் இடங்களில் ரத்தக் கசிவு இல்லை என்பதையும் காட்டி முடிப்பது எளிது.