கம்யூனிட்டி காலேஜில் கணக்கு வாத்தியார் வேலை: எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களில், எம்.எஸ்சி. கணிதம் கையில் இருந்தும் வருஷக்கணக்காக அதைத் தொடாதவர்கள் நிறைய. பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கலாமே என்று ஒரு எண்ணம் வரும். நல்ல எண்ணம்தான். இந்த இரண்டாண்டுக் கல்லூரிகள் பொதுவாக முனைவர் பட்டம் கேட்பதில்லை, ஆராய்ச்சிக் கட்டுரையும் கேட்பதில்லை. ஆனால் கேட்பதை எழுத்துப் பிசகாமல் கேட்பார்கள். "கணக்கு நன்றாக வரும், மற்றதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்" என்று இறங்குகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

முதல் தவறு, வேலை அறிவிப்பில் உள்ள தகுதி வரியைச் சரியாகப் படிக்காதது. கலிஃபோர்னியாவில் அந்த வரி சொல்வது இது: கணிதத்திலோ பயன்பாட்டுக் கணிதத்திலோ முதுகலை வேண்டும், இல்லையென்றால் இவற்றில் ஒன்றில் இளங்கலையும், கூடவே புள்ளியியல், இயற்பியல், கணிதக் கல்வி ஆகியவற்றில் ஒன்றில் முதுகலையும் வேண்டும். எம்.டெக்., எம்.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். எதுவும் இதற்குள் வராது. பொறியியலில் நான்கு செமஸ்டர் கணக்கு படித்தேன் என்பதும் எடுபடாது, அது இளநிலைப் பாடம். சமமான தகுதி இருப்பதாக வாதாடத் தனிப் படிவம் உண்டு. அதை விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். "கேட்டால் கொடுக்கலாம்" என்று வைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள், கோப்பு முதல் சல்லடையிலேயே நின்றுவிடும்.

டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா பக்கம் கணக்கு வேறு. அங்கே பொதுவாகப் பார்ப்பது, ஏதாவது ஒரு முதுகலைப் பட்டமும் கணிதத்தில் முதுநிலை அளவில் 18 செமஸ்டர் மணி நேரமும் (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட் கணக்கு இது, கடிகார நேரம் அல்ல). மூன்று மணி நேரப் பாடம் என்றால் ஆறு பாடங்கள். பொறியியல் எம்.எஸ். வைத்திருப்பவருக்கு இதுதான் நேர்வழி: அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் அந்த ஆறையும் படித்து முடிப்பது. பாடக் குறியீடு கணிதத் துறையுடையதாக இருக்கட்டும். பொறியியல் துறை நடத்தும் 'கணித முறைகள்' பாடத்தைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது நிச்சயமில்லை.

நம் ஊர்ப் பட்டம் அமெரிக்காவில் எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை வாங்கும்போது பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மலிவான அறிக்கையில் "அமெரிக்க முதுகலைக்குச் சமம்" என்று ஒரு வரிதான் இருக்கும். அதை வைத்து 18 மணி நேரத்தை எண்ண முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம், என்ன கிரேடு என்று பாடவாரியாகப் பிரித்துத் தரும் அறிக்கையைத்தான் வாங்க வேண்டும். நம் பல்கலைக்கழகம் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலை அனுப்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகஸ்டில் தொடங்கும் நிரந்தர வேலைகளுக்கு முந்தைய நவம்பரிலிருந்தே அறிவிப்பு வர ஆரம்பிக்கும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு மதிப்பீட்டுக்கு அனுப்பினால் அந்த வருஷம் போச்சு.

விசா விஷயத்தில் அசட்டை கூடாது. ஐடி கம்பெனியின் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர், சாயங்காலம் ஒரே ஒரு வகுப்புதானே என்று சேர முடியாது. அந்தக் கல்லூரியும் தனியாக மனு போட்டாக வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கு ஹெச்-1பி குலுக்கலிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் பகுதிநேர ஆளுக்காக மனு போடும் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹெச்-1பி-காரரின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் இருப்பவருக்குத் தனி வேலை அனுமதி அட்டை இல்லாமல் வகுப்பறைக்குள் காலே வைக்கக் கூடாது.

பகுதிநேரம், அதாவது அட்ஜங்க்ட் வேலை. பெரும்பாலோர் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான், வருமானத்தைத் தப்புக்கணக்குப் போடுவதும் இங்கேதான். கலிஃபோர்னியாவில் ஒரு மாவட்டம் (கம்யூனிட்டி காலேஜ்களை நடத்தும் நிர்வாக அமைப்பு) தன் பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. முழுச் சுமை செமஸ்டருக்கு 15 யூனிட் (பாடத்தின் அளவு) என்றால் எல்லை 10.05. ஐந்து யூனிட் கால்குலஸ் இரண்டு எடுக்கலாம், பத்து. நான்கு யூனிட் புள்ளியியலும் இரண்டுதான் எடுக்க முடியும், எட்டு. மூன்றாவதைச் சேர்த்தால் பன்னிரண்டு ஆகி எல்லையைத் தாண்டிவிடும். அதனால்தான் இரண்டு மூன்று மாவட்டங்களுக்குக் காரில் அலைகிறார்கள். இவர்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்று பட்டப்பெயரே உண்டு. சேர்க்கை குறைந்தால் வகுப்பு ரத்தாகும். நிரந்தர ஆசிரியரின் வகுப்பு ரத்தானால் உங்கள் வகுப்பு அவருக்குப் போய்விடலாம். கடைசி நிமிஷம் வரை எதுவும் உறுதியில்லை. இருக்கிற வேலையை அதை நம்பி விடாதீர்கள்.

நேர்காணலும் மாதிரி வகுப்பும்

தேர்வுக் குழுவினர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் தாளில் குறித்துக்கொள்வார்கள். தலையாட்ட மாட்டார்கள், துணைக்கேள்வியும் பெரும்பாலும் வராது. அந்த மௌனத்தைப் பார்த்து மிரண்டு பேச்சைச் சுருக்கிக்கொள்வது வீண் நஷ்டம்.

மாதிரி வகுப்புக்குப் பத்து முதல் இருபது நிமிடம் கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பது கணித ஆசிரியர்கள் என்பதால், அவர்களுக்குப் பாடம் நடத்திவிடுகிறார்கள் பலர்: முதுகைக் காட்டிக்கொண்டு பலகை நிறைய நிரூபணம். நடுவில் திரும்பி "புரிந்ததா?" என்று ஒரு கேள்வி. குழு பார்க்க விரும்புவது, பதினெட்டு வயதுப் பையனும் நாற்பது வயதில் திரும்பப் படிக்க வந்த அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பை நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்பதை.

தலைப்பு (எக்ஸ் + 3)² என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்² + 9 என்று எழுதுவது இந்த வகுப்புகளில் தினப்படி நடக்கும் பிழை. அதை நீங்களே பலகையில் எழுதிவிட்டு, எக்ஸுக்கு 1 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 16, மறுபக்கம் 10. அந்த 6 எங்கே போயிற்று? இப்போது பக்கம் எக்ஸ் + 3 உள்ள சதுரம் ஒன்றை வரைந்து நான்காகப் பிரியுங்கள்: ஒரு மூலையில் எக்ஸ்², எதிர் மூலையில் 9, மீதி இரண்டு செவ்வகங்களும் ஆளுக்கு 3எக்ஸ். தொலைந்த 6 அந்த இரண்டு செவ்வகங்களில்தான் இருந்தது. விதியை இதற்குப் பிறகு எழுதினால் போதும். "புரிந்ததா?" என்பதற்குப் பதில் (எக்ஸ் + 5)²-ஐக் கொடுத்து, ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நம்மில் பலருக்கு அந்த ஒரு நிமிடம்தான் கஷ்டம்.

நாக்கில் ஒட்டிய வார்த்தைகளும் காலை வாரும். நமக்கு "ஃபைவ் இன்டு டென்" என்றால் ஐம்பது. அமெரிக்க மாணவர் காதில் அது பத்தை ஐந்தால் வகுப்பது, விடை இரண்டு. பெருக்கலுக்கு "டைம்ஸ்" என்றே சொல்லிப் பழகுங்கள். பின்னத்தில் "பை" வேண்டாம், "ஓவர்". ஒய் = எம்எக்ஸ் + சி இங்கே ஒய் = எம்எக்ஸ் + பி. மீப்பெரு பொதுக் காரணியை ஹெச்.சி.எஃப். என்றால் விழிப்பார்கள், ஜி.சி.எஃப். எந்தக் கணக்கை முதலில் செய்வது என்பதற்கான போட்மாஸ் போய் பெம்டாஸ் வந்துவிடும், கூடவே அதற்குரிய குழப்பமும் வரும்: பெருக்கல்தான் முதல் என்று நம்பி 12 ÷ 3 × 2-க்கு விடை 2 என்பார்கள். இடமிருந்து வலமாகப் போனால் 8.

முதல் செமஸ்டர்

மாணவர்களுக்கு அடிப்படை போதாது என்று தெரிந்ததும் முதல் இரண்டு வாரம் அல்ஜீப்ராவை ஆரம்பத்திலிருந்து நடத்துவது கருணை மாதிரி தெரியும். பலிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2017-இன் ஏபி 705, 2022-இன் ஏபி 1705 ஆகிய, அடிப்படை வகுப்பில் மாணவரைத் தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்குப் பிறகு, முன்பு அடிப்படை வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடிய பலர் நேராகப் புள்ளியியலுக்கோ பிரீகால்குலஸுக்கோ வருகிறார்கள். இரண்டாவது வாரத்தில் நடத்திய பின்னக் கூட்டல் எட்டாவது வாரத்தில் தேவைப்படும்போது மறந்திருக்கும். தேவைப்படும் அன்றைக்கே, பாடத்துக்கு முன் பத்து நிமிடம் எடுத்து, அந்த ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள்.

முதல் தேர்வை ஆறாவது வாரத்தில் வைப்பதும் தவறு. கலிஃபோர்னியாவில் 'சென்சஸ்' என்று மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் ஒரு நாள் உண்டு, பாடக்காலத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் முடியும் இடம். பதினாறு வார செமஸ்டரில் மூன்று வாரம் தாண்டி வரும். அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் வழக்கமான வகுப்புகளுக்கு மாநிலம் பணம் தருகிறது. ஒருநாளும் வராதவர்களை அதற்குள் பட்டியலிலிருந்து நீக்குவது ஆசிரியரின் வேலை. பாவம், வந்தாலும் வருவான் என்று விட்டுவைத்தால் தணிக்கையில் கல்லூரிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது வாரத்திலேயே ஒரு சின்னத் தேர்வு வைத்தால், யார் இருக்கிறார்கள், யார் திணறுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒன்றரை மடங்கு நேரம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் 50 நிமிடத் தேர்வு 75 நிமிடம், அவ்வளவுதான். "உனக்கு என்னப்பா பிரச்சினை?" என்று அக்கறையாகக்கூடக் கேட்கக் கூடாது.

பெற்றோர் போன் செய்து பிள்ளையின் மார்க் கேட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் மனசு இளகும். மாணவர் பதிவேடுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தவரின் பதிவேடு மீதான உரிமை அவருடையது, அவருக்குப் பதினாறு வயதானாலும் சரி. வகுப்புக்கு வருகிறானா என்ற கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல், பதிவாளர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.