ரீஸ்லிங் டிரெயிலில் ஒரு நாள்: தோழியோடு சைக்கிளில் கிளேர் பள்ளத்தாக்கைப் பார்ப்பது எப்படி?

தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் கிளேர் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவே கார் வராத சைக்கிள் பாதை. அதன் பெயர் ரீஸ்லிங் டிரெயில். ரீஸ்லிங் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதில் செய்யும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர். பள்ளி விட்ட பிறகு சைக்கிளையே தொடாத என் தோழியை அங்கே அழைத்துப் போனேன். காலையில் பயந்துகொண்டே ஏறியவள், மாலையில் இறங்க மனமில்லாமல் இறங்கினாள். புதிதாகப் போகிறவர்களுக்காக, அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மார்ச் முதல் மே வரையிலான இலையுதிர் காலம்தான் என் தேர்வு. மார்ச்சில் சில தோட்டங்களில் அறுவடை நடந்துகொண்டிருக்கும், ஏப்ரல் கடைசியில் கொடிகள் மஞ்சளாகிவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வசந்தமும் அழகுதான். ஆனால் அப்போது மேக்பை பறவைகள் கூடு காக்கும். பின்னாலிருந்து பாய்ந்து வந்து ஹெல்மெட்டைக் கொத்தும். பயந்து வேகமெடுக்க வேண்டாம், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, காட்டுத்தீ எச்சரிக்கையும் வரும். முதல் முறை போகிறவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

வார நாளாக இருந்தால் பாதையில் கூட்டம் குறைவு. ஒயினை ருசிபார்க்கத் தரும் சில கூடங்கள் வார நாட்களில் மூடியிருக்கும், அதனால் போக நினைக்கும் இடங்களை முந்தின நாளே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

முழுப் பாதை சுமார் 35 கிலோமீட்டர். அதில் ஆபர்னிலிருந்து கிளேர் ஊர் வரை சுமார் 25 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு அது போதும். இது பழைய ரயில் பாதை. 1983 காட்டுத்தீயில் தண்டவாளம் சேதமானது, அப்புறம் ரயில் ஓடவில்லை, கடைசியில் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது: ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது, அதனால் பாதையும் மெல்ல மெல்லத்தான் ஏறும். மேடு என்பது கண்ணுக்கே தெரியாது, தொடைதான் சொல்லும்.

ஆபர்னில் தொடங்குங்கள். லீசிங்ஹாம், வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில் வழியாகப் பாதை கிளேருக்குப் போகிறது. ஏற்றம் எல்லாம் முற்பகலில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடிந்துவிடும். கடைசியில் கிளேரை நோக்கி இறக்கம். வாடகைக்குச் சைக்கிள் தருகிறவர்களிடம், கிளேரிலிருந்து ஆபர்னுக்குத் திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இல்லையென்றால் கிளேரில் தொடங்கி, பென்வொர்த்தம் வரை போய்த் திரும்புங்கள். அதுவும் நிறைவான நாள்தான்.

படி 3: சைக்கிளை உடம்புக்குப் பொருத்துங்கள்

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாடகை சைக்கிளைக் கொடுத்தவுடன் ஏறிப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாங்களும் அதைத்தான் செய்தோம். லீசிங்ஹாம் தாண்டியதும் "முட்டி வலிக்குதுடி, திரும்பிடலாமா?" என்றாள் தோழி. குறை முட்டியில் இல்லை, சீட்டில்தான். அவள் சீட் நான்கு விரல் அளவு தாழ்ந்திருந்தது.

சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம், கொஞ்சம் இறக்குங்கள். அவள் சீட்டை ஏற்றிய பிறகு முட்டியைப் பற்றிய பேச்சே எழவில்லை.

இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கல்லுபோல் இருக்க வேண்டாம், அமுங்கவும் கூடாது. பாதை முழுக்கக் கெட்டிப்பட்ட சரளை என்பதால் அகலமான டயர் உள்ள சைக்கிளையே கேளுங்கள். மூச்சு வாங்கும் என்று பயப்படுகிறவருக்கு மோட்டார் உதவும் இ-பைக் எடுத்துக்கொடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இருவரும் பேசிக்கொண்டே போக வேண்டும், அதுதான் முக்கியம்.

ஹெல்மெட் ஆஸ்திரேலியச் சட்டப்படி கட்டாயம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சன்ஸ்கிரீன், ஒரு உபரி டியூப், காற்றடிக்கும் பம்ப், கொஞ்சம் முந்திரி, பாதாம், வாழைப்பழம். இது போதும்.

படி 4: மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பழகியவர் முன்னால் போனால், பின்னால் வருகிறவர் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பார். முன்னே போனவர் நின்று காத்திருந்து ஓய்வெடுப்பார், பின்னே வந்தவர் சேர்ந்ததும் "சரி, போலாமா?" என்று கிளம்பிவிடுவார். யாருக்கு ஓய்வு தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. அவரை முன்னால் விடுங்கள். அவர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள்.

மேடு தொடங்கும் முன்பே இலேசான கியருக்கு மாறச் சொல்லுங்கள். கால் இறுகிய பிறகு மாற்றினால் சங்கிலி கரகரவென்று முரண்டு பிடிக்கும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. பாதை பல இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்கும். அங்கே மட்டும் இறங்கி இருபுறமும் பார்த்துப் போங்கள்.

படி 5: மூன்று நிறுத்தங்கள், அதற்கு மேல் வேண்டாம்

தோட்டத்திலேயே ஒயினை ருசிபார்க்க ஊற்றித் தரும் கூடத்தை இங்கே செல்லார் டோர் என்கிறார்கள். பாதையை ஒட்டியும் கொஞ்சம் விலகியும் நிறைய இருக்கின்றன, ஆபர்னின் பழைய ரயில் நிலையத்திலேயே ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் நுழைய ஆசை வரும். மூன்றோடு நிறுத்துங்கள்.

கணக்கு இதுதான். ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். 12 சதவீத ரீஸ்லிங்கில் சுமார் 100 மில்லி. ஒரு வாய்க்கு 20 மில்லி ஊற்றினால், ஐந்து வாயில் அந்த அளவு வந்துவிடும். ஒரு கூடத்தில் ஐந்தாறு வகை ஊற்றுவார்கள். ருசி பார்த்துவிட்டு, அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், ஒயின் தயாரிப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். போதையில் சைக்கிள் ஓட்டுவதும் இங்கே குற்றம். குடிக்காத நண்பராக இருந்தாலும் தயங்காமல் அழைத்துப் போங்கள், வாசனை பார்ப்பதே தனிச் சுகம்.

ரீஸ்லிங்கை ஊற்றியதும் குடிக்காதீர்கள். கோப்பையை மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மூச்சை இழுங்கள். வாட்டர்வேல் ரீஸ்லிங்கில் எனக்கு முதலில் வந்தது எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியதும் எழுமே, அந்த வாசனை. வாயில் வைத்ததும் பல்லோரம் எச்சில் ஊறும் புளிப்பு. உயரமான இடம், பகல் சூடு, இரவுக் குளிர். பழம் பழுத்தாலும் புளிப்பு போகாமல் நிற்பதற்கு அந்த இரவுக் குளிர்தான் காரணம். பாட்டில்களில் கார்க் இருக்காது, திருகுமூடிதான். கார்க் கெட்டு ஒயின் பாழாவதைச் சகிக்க முடியாமல், இந்த ஊர் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து ஒன்றுசேர்ந்து இதற்கு மாறினார்கள்.

பென்வொர்த்தமில் ஒயினுக்காக இல்லாமல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்துக்காக நில்லுங்கள். இந்த ஊரை நிறுவிய ஜான் ஹாரக்ஸ் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1846-இல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராயப் போன பயணத்தில், அவர் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த ஒட்டகம் அசைந்து துப்பாக்கி வெடித்தது. அந்தக் காயத்தில்தான் இறந்தார்.

அடுத்து செவன்ஹில். இயேசு சபைத் துறவிகள் 1851-இல் பூசைக்கான ஒயினுக்காகத் தொடங்கிய தோட்டம் இது, பூசை ஒயின் இன்றும் தயாராகிறது. நம் வீரமாமுனிவர் சேர்ந்திருந்த அதே சபை என்று தோழியிடம் சொன்னபோது, அவள் அங்கிருந்த மரநிழலில் உட்கார்ந்து தேம்பாவணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு மணி நேரம் அங்கேயே போனது. மதியத்துக்கு இங்கே நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: படம் எடுக்க ஆசைப்பட்டுக் கொடிகளுக்கு நடுவே இறங்கி நடக்காதீர்கள். ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி செருப்பில் ஒட்டிய மண்ணோடே பரவும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது அதுதான். அது புகாமல் பாதுகாத்துவந்த மாநிலம் தென் ஆஸ்திரேலியா. படத்தைப் பாதையில் நின்றே எடுங்கள்.

படி 6: பங்க்சர் ஆனால்

பாதையோரப் புல்லில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். நெருஞ்சி இங்கும் இருக்கிறது, ஊரில் காலில் குத்திய அதே முள்தான். டயரில் முள்ளைப் பார்த்தால் உடனே பிடுங்க வேண்டாம். சில சமயம் அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். நிழலுக்குப் போய், டியூப் கையில் தயாரான பிறகு பிடுங்குங்கள். புது டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், முனை உடைந்த இன்னொரு முள் அங்கே காத்திருக்கலாம்.

படி 7: கிளேரில் இறங்கிய பிறகு

அன்றே அடிலெய்டுக்குக் கார் ஓட்டாதீர்கள். ஒரு இரவு தங்குங்கள். பிடித்த ஒயினை வழியில் வாங்கிப் பையில் சுமக்கவும் வேண்டாம்; பணம் கட்டிப் பெயர் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காரில் போய் எடுத்துக்கொள்ளலாம். பாட்டில்களை வெயில் படும் பின்சீட்டில் போடாதீர்கள், துண்டில் சுற்றி, முன்சீட்டுக்குக் கீழே காலடியில் படுக்க வையுங்கள்.