குறைந்த செலவில் டியூப் ஆம்ப்: வாட்டை நம்பி வாங்கும் முன் ஒரு கணக்கு

எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆனதும் எனக்கு டியூப் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஆசை வந்தது. முதலில் 40 வாட் ஆம்ப் ஒன்று வாங்கினேன். வீட்டில் சத்தம் தாங்கவில்லை, விற்றுவிட்டேன். அடுத்து 15 வாட். அதுவும் தாங்கவில்லை. மூன்றாவதாக வாங்கிய 5 வாட் ஆம்ப்தான் இன்றும் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டையும் வாங்காமலே இருந்திருக்கலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் பத்து நிமிடமும் போதும். அந்தக் கணக்கை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கெயின், வால்யூம், ட்ரெபிள் எல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேராக வேலைக்குப் போகலாம்.

படி 1: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

வீட்டு அறையிலா, டிரம்ஸ் இருக்கும் ஒத்திகை அறையிலா, மேடையிலா? இப்போது எங்கே வாசிக்கிறீர்களோ அதை எழுதுங்கள். என்றாவது ஒருநாள் மேடை ஏறுவோம் என்ற நினைப்பில் வாங்கியதுதான் என் 40 வாட் ஆம்ப். மேடை வந்தால் அங்கே சிறிய ஆம்புக்கு முன்னால் மைக் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரிய ஆம்பைச் சிறியதாக்க அவ்வளவு எளிய வழி கிடையாது.

படி 2: வாட் கணக்கு

நான் தடுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

40 வாட் என்றால் 5 வாட்டைப் போல எட்டு மடங்கு சத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காது அப்படிக் கேட்பதில்லை. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். அது கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆக, 50 வாட் ஆம்ப் 5 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும். 15-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் யோசிக்கவே தேவையில்லை.

இப்போது ஸ்பீக்கரைச் சேருங்கள். கிட்டார் ஸ்பீக்கர்களின் விவரத் தாளில் ‘1 வாட், 1 மீட்டர்’ என்று போட்டு ஒரு டெசிபெல் எண் இருக்கும். பெரும்பாலான 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கு அது 97 முதல் 100 வரை வரும். 97 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில்:

0.1 வாட்: 87 டெசிபெல்
1 வாட்: 97 டெசிபெல்
5 வாட்: சுமார் 104 டெசிபெல்
15 வாட்: சுமார் 109 டெசிபெல்
40 வாட்: சுமார் 113 டெசிபெல்

இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபெல். 85 டெசிபெலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்குக் கேடு என்பது வேலையிடங்களில் பரவலாகப் பின்பற்றும் அளவு. 100 டெசிபெலில் அந்த நேரம் கால் மணியாகச் சுருங்கிவிடும். இப்போது மேலே இருக்கும் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு வாட்கூட முழுதாகத் திறந்தால் பேச்சுச் சத்தத்தை எங்கோ விட்டுவிடுகிறது!

குறைத்து வைத்து வாசித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். என் 40 வாட் ஆம்பில் வால்யூம் குமிழை நெல்மணி அளவு திருப்பினால் ஒன்றும் கேட்காது. இன்னொரு நெல்மணி திருப்பினால் பக்கத்து அறைக் கதவு சாத்தப்படும். நடுவில் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, டியூப் ஆம்பை எதற்காக வாங்குகிறோமோ அது குறைந்த சத்தத்தில் கிடைப்பதில்லை. ஸ்பீக்கரை அசைக்கும் பவர் டியூப்கள் தங்கள் எல்லையை நெருங்கும்போதுதான் ஒலி மெல்ல உடையும். மென்மையாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும், விரலுக்குப் பதில் சொல்வது போல வரும். 40 வாட் ஆம்பில் அந்த எல்லையை ஒரு நாளும் நான் தொடவில்லை.

எனவே வீட்டுக்கு 1 முதல் 5 வாட். டிரம்ஸோடு வாசிக்க 15 முதல் 20. டிரம்ஸுக்கு மேலே கேட்கவும் வேண்டும், ஒலி துளியும் உடையாமல் சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்றால் மட்டும் 30, 40 பற்றி யோசியுங்கள்.

சத்தத்தைக் குறைக்கும் வசதி உள்ள ஆம்ப்களும் உண்டு. புகேரா வி5-இல் 5, 1, 0.1 வாட் என்று மாற்றிக்கொள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மார்ஷல் டிஎஸ்எல் வரிசையில் பாதி அல்லது பத்தில் ஒரு பங்கு வாட்டுக்கு இறக்கலாம். லேனி கப் 12-இல் ஒரு வாட்டுக்கும் குறைவான தனி இன்புட்டே உண்டு. வீட்டில் வாசிப்பவர் என்றால் இந்த வசதி இல்லாத ஆம்பை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மிகவும் இறக்கினால் ஒலி மந்தமாகத் தோன்றும். குறைந்த சத்தத்தில் நம் காது அடிச்சுருதியையும் உச்சத்தையும் குறைவாக உணர்வதும் அதற்கு ஒரு காரணம். பேஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் ஏற்றினால் பாதி சரியாகிவிடும்.

படி 3: உள்ளே என்ன டியூப்?

பெட்டியில் ‘டியூப்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஆம்பில் இரண்டு பகுதிகள் உண்டு. கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவது ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை அசைப்பது பவர் ஆம்ப். சில ஆம்ப்களில் ப்ரீஆம்பில் மட்டும் ஒரே ஒரு டியூப் இருக்கும், பவர் பகுதி டிரான்சிஸ்டர். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் அப்படிப்பட்டது. நல்ல ஆம்ப்தான், எடுத்துச் செல்லவும் வசதி. ஆனால் நான் மேலே சொன்ன பவர் டியூப் உடைவு அதில் வராது. விவரத் தாளில் பவர் டியூப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இஎல்84, 6வி6, இஎல்34, 6எல்6 இவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ப்ரீஆம்ப் டியூபான 12ஏஎக்ஸ்7 மட்டும் இருந்தால் அது கலப்பு ஆம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். (1 வாட் ஆம்ப் சிலவற்றில் ப்ரீஆம்ப் வகை டியூபையே பவருக்கும் போடுவார்கள், அது வேறு விஷயம்.)

ஒலியின் குணத்தை ஓரளவு இந்தப் பெயர்களை வைத்தே ஊகிக்கலாம். வாக்ஸ் ஏசி15-இல் இரண்டு இஎல்84, உச்சத்தில் மணி போலக் கணீரென்று கேட்கும். ஃபெண்டரின் பழைய சாம்ப் ஒரே ஒரு 6வி6-இல் ஓடியது, இதமான உடைவு. இஎல்34 என்றதும் மார்ஷலின் கடுமையான நடுச்சுருதி நினைவுக்கு வரும். இது பொதுவான போக்குதான். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரிலும் இரண்டு இஎல்84 இருக்கிறது, ஆனால் அது ஏசி15 போல ஒலிக்காது. சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் டியூபைவிட அதிகம் பேசும்.

ஒரே பவர் டியூப் உள்ள ஆம்ப்களில் லேசான ஹம் சத்தம் அதிகம் வரும். இரண்டு டியூப் எதிரெதிராக வேலை செய்யும் அமைப்பில் அந்த ஹம் பெருமளவு ஒன்றையொன்று அழித்துவிடும். முதல் நாள் அதைக் கேட்டு ஆம்ப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

படி 4: ஸ்பீக்கர்

குறைந்த விலை 5 வாட் ஆம்ப்களில் பெரும்பாலும் 8 அங்குல ஸ்பீக்கர்தான் இருக்கும். டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் அதே ஆம்பை 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினெட்டில் மாட்டினேன். தடித்த கீழ்க்கம்பியின் ஒலி முதல் முறையாக நெஞ்சில் பட்டது. ஆம்ப் அதேதான், டியூபும் அதேதான். எனவே பின்பக்கம் வெளி ஸ்பீக்கருக்கான ஜாக் இருக்கும் ஆம்பையே வாங்குங்கள். பிறகு பணம் சேரும்போது நல்ல ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். டியூப் மாற்றிப் பார்ப்பதில் போகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள் என்பேன்.

வெளி கேபினெட் மாட்டும்போது இரண்டு விஷயம். முதலாவது ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. ஆம்பின் ஜாக்கில் 8 ஓம் என்றிருந்தால் 8 ஓம் கேபினெட். இரண்டு கேபினெட்டை இணையாக மாட்டினால் ஓம் பாதியாகும்: இரண்டு 16 ஓம் சேர்ந்து 8, இரண்டு 8 ஓம் சேர்ந்து 4. இரண்டாவது, ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது. சிக்னலுக்குப் போக இடம் இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு கருகிவிடலாம். ஆம்பில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று அது.

படி 5: பழைய ஆம்ப் என்றால்

குறைந்த செலவில் நல்ல டியூப் ஆம்ப் வேண்டுமென்றால் பயன்படுத்திய ஆம்ப்தான் என் முதல் தேர்வு. நேரில் போய்ப் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள். சூடான பிறகுதான் சில குறைகள் வெளியே வரும்.

கிட்டார் மாட்டாமல் வால்யூமை ஏற்றிக் கேளுங்கள். லேசான இரைச்சல் சகஜம். அடித்தொண்டையில் முனகுவது போல் பலமான ஹம் வந்தால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். அதை மாற்றும் செலவைப் பேரத்தில் சேருங்கள். எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

அப்புறம் ஒரு மரப் பென்சில். ஆம்ப் ஓடும்போது ப்ரீஆம்ப் டியூப் ஒவ்வொன்றின் கண்ணாடியையும் பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் சின்ன ‘டக்’ கேட்டால் பரவாயில்லை. மணி அடித்தது போல ரீங்கரித்து நீண்டால் அந்த டியூபை மாற்ற வேண்டும். ப்ரீஆம்ப் டியூபை நீங்களே மாற்றலாம், ஆம்பை அணைத்து டியூப் ஆறிய பிறகு.

விளக்கை அணைத்துவிட்டுப் பவர் டியூப்களைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு நிறக் கனல் தெரியும், அதுதான் இழை. கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி படர்ந்தாலும் பயமில்லை. ஆனால் இழையைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு இரும்புக் கம்பி பழுத்தது போலச் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். டியூபோ பயாஸோ (டியூப் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்க வேண்டும் என்ற அமைப்பு) தவறாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஆம்பை நான் வாங்க மாட்டேன்.

எதற்காகவும் ஆம்பின் உள் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். பழகிய டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்து ஆம்ப் வாங்கிய ஒருவர், கேபினெட்டைக் கிட்டார் கேபிளால் மாட்டியதாக எழுதியிருந்தார். இரண்டு முனையிலும் அதே ஜாக் இருப்பதால் யாருக்கும் வரும் குழப்பம்தான், நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கிட்டார் கேபிளின் உள்கம்பி மிக மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்துக்காகச் செய்ததல்ல. அது சூடாகி அறுந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடிய கதைதான். ஸ்பீக்கர் கேபிள் என்று தனியாக வாங்கி, இரண்டு முனையிலும் வண்ண டேப் சுற்றி வையுங்கள். நான் சிவப்பு சுற்றியிருக்கிறேன்.

இன்னொருவர் பெடல் பற்றிக் கேட்டார். ஓவர்டிரைவ் பெடல் நேராக ஆம்புக்கு முன்னால் போகலாம். டிலே, ரிவெர்ப் பெடல்களை நிறையப் பயன்படுத்துபவரும் ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனை விரும்புபவருமாக இருந்தால் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடல் மாட்டும் ஜாக்குகள்) உள்ள ஆம்பைப் பாருங்கள். எதிரொலி உடைந்த ஒலிக்குப் பின்னால் வந்தால்தான் தெளிவாக இருக்கும். சிறிய ஆம்ப் பலவற்றில் லூப் இருக்காது, ப்ளூஸ் ஜூனியரிலும் இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆம்ப். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் ஆம்பை 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் போச்சு. சில ஆம்ப்களில் வோல்ட் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், இல்லாதவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். அதன் திறன் ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் மின்நுகர்வு வாட்டைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். முன்பக்கத்தில் ‘15 வாட்’ என்றிருப்பது ஸ்பீக்கருக்குப் போகும் அளவு. சுவரிலிருந்து ஆம்ப் இழுப்பது அதைப் போலப் பல மடங்கு.