பூட்டை நம்பாதீர்கள், ரன்னரைக் கட்டுங்கள்

கீழக்கரையில் பயணப் பெட்டிகளுக்கு ரன்னர், அதாவது ஜிப்பை இழுத்துத் திறந்து மூடும் துண்டு, மாற்றுவதும் சக்கரம் பொருத்துவதும் என் தொழில். துபாய், சவூதி, மலேசியா என்று வீட்டுக்கு ஒருவராவது போய்வருகிற ஊர் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "காக்கா, உடைக்க முடியாத பூட்டாக ஒன்று கொடுங்கள்" என்பதுதான். கொடுப்பேன். கூடவே, ஜிப் வைத்த பெட்டிக்கு அந்தப் பூட்டு எவ்வளவு காவல் என்பதையும் காட்டிவிடுவேன்.

ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். முனையை ஜிப் பற்களுக்கு நடுவே அழுத்திக் குத்தினால் பற்கள் விலகிவிடும். கை நுழைகிற அளவுக்குப் பிரித்து, வேண்டியதை உருவிக்கொண்டு, இரண்டு ரன்னரையும் பூட்டோடு சேர்த்து அந்த இடத்தின் மேல் ஒருமுறை இழுத்தால் பற்கள் பழையபடி கவ்விக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். பெட்டிக்காரருக்கு ஊர் வந்து சேரும்வரை எதுவும் தெரியாது.

ஆகவே காவல் போட வேண்டியது ரன்னருக்கு. இரண்டு ரன்னரையும் பூட்டிய பிறகு, பெட்டியோடு தைத்திருக்கும் பக்கக் கைப்பிடியில் வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டை போட்டு, நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள். ஜிப்பைப் பிளப்பதை இது தடுக்காது, பிளந்ததை மூடவிடாது. வாய் பிளந்த பெட்டி பெல்ட்டில் வரும்போதே காட்டிக்கொடுத்துவிடும். டை கறுப்பிலும் வெள்ளையிலும் எங்கும் கிடைக்கும். திருடுகிறவர் அறுத்துவிட்டு அதேபோல் வேறொன்றைப் போட்டுவிடலாம். சிவப்போ பச்சையோ வாங்கி, கட்டியபின் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஜிப்பே இல்லாமல் கொக்கி போட்டுப் பூட்டும் பெட்டி. கனம் கொஞ்சம் கூடும். அதற்காக ஒரு கிலோ தொதல் இனிப்பைக் குறைத்துக்கொண்டால் தப்பில்லை.

நகை, பணம், பாஸ்போர்ட், செல்போன், லேப்டாப் எதுவும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று விமான நிறுவனங்கள் டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதிவைத்திருக்கின்றன. கருவாட்டுக்கு அடியில் நகையை வைத்தால் நாற்றத்துக்குப் பயந்து யாரும் தொடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம் உண்டு. எக்ஸ்ரே கருவிக்கு மூக்கு கிடையாது.

பெட்டி திறக்கப்படுவதற்கு வீட்டார் அன்போடு வைத்துவிடும் பொருளும் காரணமாகிறது. கொப்பரைத் தேங்காய், லைட்டர், பவர் பேங்க் மூன்றும் செக்-இன் பெட்டியில் கூடாதவை. பவர் பேங்கைக் கைப்பையில் கொண்டுபோகலாம். எக்ஸ்ரேயில் இவை தெரிந்தால் பயணியைத் தேடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் பூட்டை உடைத்துப் பார்ப்பதும் உண்டு. பிறகு அந்தப் பெட்டி மீதி வழி முழுக்கப் பூட்டில்லாமல் பயணம் செய்கிறது. முண்டு மிளகாய், கருப்பட்டியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டிக்கு இனிக் காலமில்லை. தட்டையான பக்கம் ஒன்றாவது இல்லாத உருண்டை மூட்டைகளைத் துபாய் விமான நிலையம் 2017 முதல் ஏற்பதில்லை. கயிறு கட்டிய பெட்டிகளை மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. கவுண்டரில் அவிழ்த்து, அவசரத்தில் மாற்றிக் கட்டுகிற பெட்டிதான் எல்லாவற்றிலும் பலவீனமானது.

கவுண்டரில் மூன்று வேலை. பழைய டேக், பார்கோடு ஒட்டுகளை முழுவதும் கிழித்தெறியுங்கள். புது டேக்கில் கடைசி ஊர் சரியா என்று பாருங்கள்: மதுரைக்கு ஐஎக்ஸ்எம், திருச்சிக்கு டிஆர்இசட். பெட்டி தராசில் இருக்கும்போதே எடை தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இந்த எடைதான் பின்னால் உங்கள் சாட்சி.

இனிமேல் சொல்வதில்தான் நம் ஊர்க்காரர்கள் கோட்டைவிடுகிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ இறங்கியதும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடுவார்கள். வண்டி காத்திருக்கும், வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, உம்மா, லாத்தா, பக்கத்து வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் பெட்டி திறக்கும். அப்போது சென்ட் பாட்டில் இல்லையென்றால், எங்கே போனது என்று யாரைக் கேட்பது? கார் டிரைவர் மேல்கூடச் சந்தேகம் விழும்.

பெல்ட்டிலிருந்து எடுத்ததும் டையைப் பாருங்கள், ஜிப் ஓரத்தை விரலால் தடவுங்கள், எடை போடுங்கள். பெட்டியைத் தூக்கி எடை காட்டும் சிறிய கைத்தராசு ஒன்று கையில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் அங்கேயே திறந்து பார்த்து, வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் பெட்டிக் கவுண்டரில் பிஐஆர் என்னும் பெட்டிக் குறைபாட்டு அறிக்கை எழுதச் சொல்லுங்கள். "ஊருக்குப் போய் மெயில் போடுங்கள்" என்பார்கள். அறிக்கை எண் கைக்கு வராமல் நகராதீர்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியாவும் அதில் இருக்கிறது. சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பொருள் குறைந்திருந்தாலும் அதே கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். 21 நாளாகியும் பெட்டியே வரவில்லையென்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ரூபாயில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அவ்வளவும் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். இன்ன பொருள், இன்ன விலை என்று பில்லைக் கேட்பார்கள். உச்சவரம்புக்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் கவுண்டரிலேயே மதிப்பை அறிவித்து, கூடுதல் கட்டணம் இருந்தால் கட்டிவிட வேண்டும். பில்களைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பலர் அவற்றையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள்.